கரும்பலகை வைத்த வீடு

அத்தியாயம் 9

துறைமுகக் குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து நாலு வருஷமாக இவாகி தெய்ஜிக்கு ஒரே வேலைதான். அங்கிருந்த குடும்பங்களை ஊருக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பவிடாமல், பிள்ளைகள் இல்லாமல் மூடி, இடிக்கக் காத்துக் கிடந்த மேட்டுப் பள்ளிக்கூடத்தை வீடுகளாக மாற்றித் தரச் சொல்லி அலைந்தார். வார்டு அலுவலகத்தில் அவர் தலையைக் கண்டாலே தேநீர் வைக்கிற அளவுக்கு அலைந்தார்.

கிடைத்தது. இருபத்து நாலு வகுப்பறை, இருபத்து நாலு வீடு. பதினெட்டு துறைமுகக்காரர்களுக்கு. ஆறு, குழந்தை வைத்திருக்கும் இளையவர்களுக்கு.

போன வாரம் சீட்டு குலுக்கியதில் அவருக்கு விழுந்தது மூன்றாம் மாடி, ஆறாம் வகுப்பு இரண்டாம் பிரிவு. மகள் ஷிஹோ படித்த அதே அறை. சந்தோஷத்தில் அங்கிருந்தே அவளுக்கு போன் செய்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

இன்று சாவி கொடுக்கும் நாள். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. கடலிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது.

"ஷிஹோவுக்கு போன் போட்டியா?" என்றார் தெய்ஜி, மேட்டில் ஏறிக்கொண்டே.

"போட்டேன்," என்றாள் மனைவி சுமியே.

"என்ன சொன்னா?"

"கடையில கூட்டமாம்."

"காலையில ஏழு மணிக்கு என்ன கூட்டம்?"

"ரொட்டிக் கடைக்கு ஏழு மணிக்குத்தாங்க கூட்டம்."

தெய்ஜி நடையை எட்டிப் போட்டார். முப்பத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். பின்னால் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று திரும்பாமலே அவருக்குத் தெரியும். சுமியே பத்தடி பின்தங்கியிருந்தாள். முழங்கால் வலிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

"மெதுவா வா. இனிமே இந்த மேடு ஏற வேண்டியதில்ல. பின்பக்கம் சாய்தளம் போட்டிருக்கான், லிஃப்ட் வெச்சிருக்கான். எல்லாம் உன் காலை நினைச்சுத்தான் கேட்டு வாங்கினேன்."

"தெரியுங்க."

"மூணு பேரும் ஒரே வீட்டுல. அவளும் எத்தனை நாளைக்குத்தான் கொகுராவுல அந்தப் பொந்து மாதிரி ரூமுக்கு வாடகை குடுப்பா. முப்பத்தஞ்சு வயசாச்சு."

சுமியே இன்னும் நாலடி பின்தங்கினாள். அதையும் அவர் முழங்கால் வலியில் சேர்த்துக்கொண்டார்.

---

முன்வாசலில் பழைய செருப்புப் பெட்டிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் வீட்டு எண் ஒட்டியிருந்தது. செருப்பை இங்கேயே கழற்றுவதா, அவரவர் வீட்டு வாசலில் கழற்றுவதா என்று குடியிருப்போர் கமிட்டியில் மூன்று மாதம் சண்டை நடந்தது. இங்கேயேதான் என்று தெய்ஜி அடித்துப் பேசி ஜெயித்தார். இங்கே கழற்றினால்தான் உள்ளே இருக்கிற நடைபாதையெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கூடம் மாதிரி இருக்கும், வெறுங்காலோடு ஒருத்தர் வாசலில் ஒருத்தர் உட்கார்ந்து பேசலாம் என்பது அவர் கட்சி.

உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இனிமேல் அதுதான் பொது மண்டபம். வார்டு அலுவலகத்துப் பெண் பெயர் படித்து, இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தாள். தெய்ஜியின் பெயர் வந்ததும் கைதட்டினார்கள். அவர் குனிந்து வணங்கியபோது காது மடல் சிவந்திருந்தது.

கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற குவாஹாரா பக்கத்தில் வந்து நின்றார். எழுபத்து நாலு வயசு, கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர்.

"இவாகி சான், எனக்கு ஒண்ணாம் வகுப்பு. உங்களுக்கு ஆறாம் வகுப்பு. பெரிய கிளாஸ்னு இனிமே உங்களைப் பாத்தா எழுந்து நிக்கணுமா?"

"கூடவே என் பையையும் தூக்கிட்டு வரணும்."

"அது கிடக்கட்டும். நடையில அந்தக் குட்டிக் கைகழுவுற தொட்டியை எதுக்கு அப்படியே விட்டீங்க? ஏழு வயசுப் பிள்ளைக்குக் கட்டினது. காலையில முகம் கழுவக் குனிஞ்சா நிமிர ஆம்புலன்ஸ் வரணும்."

"எடுத்துட்டா அப்புறம் இது பள்ளிக்கூடமா?"

"இது பள்ளிக்கூடம் இல்லைய்யா, வீடு," என்றார் குவாஹாரா.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தெய்ஜியும் சிரித்தார். சுமியே மட்டும் குவாஹாராவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சமையற்கட்டுல பொம்பளைங்களோட இருக்கேங்க, நீங்க மேல போங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த மதியச் சாப்பாட்டுக் கூடம் இப்போது பொதுச் சமையற்கட்டு. அன்று எல்லோருக்கும் மிசோ சூப்பும் சோற்று உருண்டையும் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது.

தெய்ஜி மட்டும் மேலே போனார்.

---

தெற்கு பார்த்த அறை. சுவர் அகலத்துக்கு ஜன்னல். வெயில் பின்சுவர் வரை வந்து விழுந்திருந்தது. உள்ளே தடுத்து இரண்டு படுக்கையறை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் வந்துவிட்டன. முன்சுவரில் கரும்பலகையில் பாதியை விட்டுவைத்திருந்தார்கள். பேருக்குத்தான் கரும்பலகை, நிறம் பச்சை. தெய்ஜி சாக்பீஸை எடுத்து, 'இவாகி தெய்ஜி, சுமியே, ஷிஹோ' என்று எழுதினார். தள்ளி நின்று பார்த்தார். கையெழுத்து கோணல்தான். இருந்தாலும் அழிக்கவில்லை.

"உள்ளே வரலாமா?"

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் போடும் நீலச் சட்டை, மேலே கோட்டு. கையில் காகிதம் சுற்றிய துண்டு, புதுசாகக் குடிவருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறது.

"பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கேங்க. நானும் என் மகளும். இனிமே தொந்தரவுதான் உங்களுக்கு."

"வாங்க, வாங்க. தொந்தரவு என்ன? நான் இவாகி."

அந்தப் பெண் துண்டை நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் பார்வை கரும்பலகைக்குப் போயிருந்தது.

"இவாகி ஷிஹோவோட அப்பாவா?"

"என் மகளைத் தெரியுமா?"

"ஒரே வகுப்புங்க. இதே அறைதான். மகாபே அசுமி. கல்யாணமாகிக் குடும்பப் பேரு மாறிச்சு. இப்ப மறுபடியும் மகாபேன்னு ஆயிட்டேன்."

தெய்ஜிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஷிஹோவின் பள்ளித் தோழி என்று ஒருத்தியைக்கூட அவர் பார்த்ததில்லை. யாரும் வீட்டுக்கு வந்ததில்லை. மகள் கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டார்.

"உக்காருங்க, நாற்காலிதான் இன்னும் வரல. இதைப் பாருங்க, ஞாபகம் இருக்கா?" என்று பின்மூலைக்கு அழைத்துப் போனார்.

துடைப்பமும் தரை துடைக்கும் துணியும் வைக்கிற உயரமான மர அலமாரி. ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று இருந்தது. மற்ற அறைகளில் தூக்கி எறிந்துவிட்டார்கள். போன வாரம் சீட்டு விழுந்த மறுநாளே தெய்ஜி தச்சரிடம் கெஞ்சி இதை மட்டும் காப்பாற்றியிருந்தார். நாலு நாள் உட்கார்ந்து தானே இழைத்து, வார்னிஷ் அடித்து, புதுக் கீல் போட்டு, உள்ளே துணி மாட்ட ஒரு கம்பியும் வைத்திருந்தார்.

"ஷிஹோவோட உடுப்பு மாட்ட," என்றார். "அவளுக்கே இன்னும் தெரியாது. வரட்டும், காட்டலாம்னு இருக்கேன்."

அசுமி கையை நீட்டி அலமாரிக் கதவைத் தொடப் போனாள். தொடாமலே கையை எடுத்துக்கொண்டாள். தெய்ஜி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். உற்சாகம் கூடிவிட்டது.

"அவ ஆறாவது படிக்கறப்போ, நவம்பர் மாசம்னு ஞாபகம். பள்ளிக்கூடம் போக மாட்டேன், வயித்து வலின்னா. நான் முதல் ட்ரிப் முடிச்சு சாப்பிட வந்திருக்கேன். சரி வான்னு கையைப் பிடிச்சு இந்த மேட்டுப் படி எண்பத்திரண்டையும் ஏத்தி, இந்த வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டேன். என் யூனிஃபார்ம் கையைப் பிடிச்சவ விடல. நான் இழுக்க, அவ இழுக்க, பொத்தான் அவ கையோட போயிருச்சு. அன்னிக்கு முழுக்க ஒரு பொத்தான் இல்லாம பஸ் ஓட்டினேன்."

எத்தனையோ கமிட்டிக் கூட்டங்களில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்த கதை. அசுமி சிரிக்கவில்லை.

"ஷிஹோ என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"யாரைப் பத்தியும் சொல்ல மாட்டா. வாயே திறக்காத பிள்ளை. இங்க வந்து எங்களோட இருன்னு ஒரு வருஷமா கேக்கறேன். சரிங்கறா, அப்புறம் பேச்சை மாத்தறா. போன வாரம் போனையே வெச்சுட்டா." தெய்ஜிக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. "நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். பெத்தவங்க சொன்னா ஏறாது. சிநேகிதி பக்கத்து வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சா மனசு மாறிடும்."

"நானா?"

"கொகுரா ஸ்டேஷனுக்குப் பின்னாடி, ஆத்தோரமா ஒரு சின்ன ரொட்டிக் கடை. பச்சைக் கூரை." ஒரு சீட்டில் கடை விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அசுமி அந்தச் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னிக்கே போறேங்க. தள்ளிப் போட்டா நான் போக மாட்டேன்," என்றாள். ஆழமாகக் குனிந்து வணங்கினாள். ஒரு துண்டு கொடுக்க வந்தவள் குனிய வேண்டிய அளவுக்கு மேலேயே குனிந்தாள். பிறகு வேகமாக நடந்து போனாள்.

நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டார் தெய்ஜி.

---

சுமியே மேலே வந்தபோது பதினொன்றரை தாண்டியிருந்தது. கையில் மூடி போட்ட இரண்டு கிண்ணம் சூப். வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றாள்.

"வாயேன். உன் வீடுதான்."

அவள் உள்ளே வந்து ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீடு யாருன்னு சொல்லு பாப்போம்," என்றார் தெய்ஜி. "ஷிஹோவோட படிச்ச பொண்ணு. மகாபே அசுமி. தங்கமான பொண்ணு. இப்பவே கிளம்பிப் போய் ஷிஹோகிட்ட பேசறேன்னு போயிருக்கா."

சுமியே கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க போயிருக்கா?"

"கடைக்குத்தான். விலாசம் குடுத்தேன்."

"எப்போ?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். ஏன்?"

சுமியே முதல் தடவையாக அலமாரி பக்கம் திரும்பினாள். பிறகு, யாரோ ஒருத்தர் வீட்டு விஷயத்தைச் சொல்கிற மாதிரி தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்த அலமாரிக்குள்ள வெச்சுத்தான் பூட்டினாங்க."

"யாரை?"

"ஷிஹோவை. சாப்பாடு முடிஞ்சு பிள்ளைங்க கூட்டித் துடைக்கிற நேரம் இருக்குமே, அப்போ. கால் மணி நேரம், சில நாள் அரை மணி. ஈரத் துணியோட. வெளியில வந்ததும் நாறுதுன்னு சொல்லிச் சிரிப்பாங்களாம். நாலஞ்சு பேரு. முன்னால நின்னவ மகாபே."

தெய்ஜி அலமாரியைப் பார்த்தார். வெயில் பட்டு வார்னிஷ் மின்னிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தலை நாத்தம் அடிச்சுது. ரெண்டு தடவை அலசியும் போகல. கேட்டேன். அழுதுட்டே சொன்னா. நான் டீச்சர்கிட்ட போனேன். பிள்ளைங்க விளையாட்டு, பெரிசு பண்ணாதீங்க, இன்னும் நாலு மாசத்துல ஆறாவது முடிஞ்சிரும்னார். சரின்னு திரும்பி வந்துட்டேன்."

"சரின்னு வந்துட்டியா?"

"வந்துட்டேன்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "அதைத்தான் இருபத்து மூணு வருஷமா நினைச்சுட்டிருக்கேன். சரின்னு ஏன் வந்தேன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?" தெய்ஜியின் குரல் அந்தக் காலி அறையில் மோதியது. "நான் அவளோட அப்பன் இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டீச்சரை நான்..."

"சொல்லத்தான் வந்தேன். டீச்சரைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்குத்தான் நீங்க பொத்தான் கதையை முதல் தடவையா சொன்னீங்க. உங்க தம்பியெல்லாம் வந்திருந்தாங்க. நீங்க நடிச்சுக் காட்டினீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. ஷிஹோவும் உக்காந்திருந்தா. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சதைப் பாத்தப்புறம் எனக்கு வாய் வரலைங்க."

தெய்ஜியின் கண் அறை வாசலுக்குப் போனது.

அங்கே தன் சட்டைக் கையைப் பிடித்திருந்த மகளின் கையை ஒவ்வொரு விரலாக விலக்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. கதை சொல்லும்போது அதை அவர் எப்போதும் விட்டுவிடுவார். இழுபறியில் பொத்தான் தெறித்தது என்று சொல்வார். தெறிக்கவில்லை. மகள் விடாமல் பிடித்திருந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டாவது ட்ரிப்புக்கு நேரமாகியிருந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னால," என்றாள் சுமியே, "இந்தப் பள்ளிக்கூடத்தை இடிக்கப் போறாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே. அன்னிக்கு ஷிஹோ பெரிய கேக் வாங்கிட்டு வந்தா. ஞாபகம் இருக்கா?"

"ஸ்ட்ராபெரி கேக்."

"ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க. யாருக்கும் பிறந்தநாள் இல்லையே, எதுக்கு கேக்குன்னு நீங்க கேக்கல. அடுத்த வாரமே இதை இடிக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கக் கிளம்பிட்டீங்க."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே சுமியே."

"சொல்லியிருக்கலாம்." அவள் தலைகுனிந்தாள். "ரிட்டையர் ஆனதுலேர்ந்து நீங்க ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தீங்க. பஸ் போற சத்தம் கேட்டா மணி பாப்பீங்க. இந்த வேலை வந்துதான் காலையில சவரம் பண்ண ஆரம்பிச்சீங்க. ஷிஹோதான், 'அப்பா செய்யட்டும்மா, விடு'ன்னா. சீட்டுல வேற அறை விழும், ஒண்ணும் ஆகாதுன்னு நானும் நம்பிட்டேன்."

கீழே பொது மண்டபத்தில் யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

தெய்ஜி போனை எடுத்தார். அவசரத்தில் முதலில் தப்பான பெயரை அழுத்தினார். ஷிஹோவின் கைபேசி அணைந்திருந்தது, வேலை நேரத்தில் எப்போதும் அப்படித்தான். கடை எண்ணுக்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"டாக்சி பிடிச்சா?" என்றாள் சுமியே.

"பாலம் தாண்டி அரை மணி. சனிக்கிழமை வேற." வழி முழுக்க அவருக்கு மனப்பாடம். எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோரு மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் இந்நேரம் இறங்கியிருப்பாள்.

மறுபடியும் போட்டார். இந்தத் தடவை நாலாவது மணியில் எடுத்தார்கள். ஷிஹோவே.

"அப்பாவா? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மா நல்லா இருக்கா. பக்கத்துலதான் இருக்கா. ஷிஹோ, நான் சொல்றதைக் கேளு. முதலாளிகிட்ட சொல்லிட்டு பின்பக்கமா வெளியே போயிடு. ஒரு மணி நேரம் எங்கயாவது இரு. நான் வந்துடறேன்."

"ஏன்?"

"ஒருத்தி வருவா. நான் தெரியாம... நீ அவளைப் பாக்க வேணாம்மா."

மறுபக்கம் அடுப்பின் காற்றாடி ஓடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாப்பா," என்றாள் ஷிஹோ. "கண்ணாடிக்கு வெளியில நிக்கிறா. பத்து நிமிஷமா அங்கயேதான் நிக்கிறா, உள்ள வரல. எனக்கு அவ நடந்து வந்த விதத்துலயே தெரிஞ்சு போச்சு." பிறகு கேட்டாள், "நீங்கதான் அனுப்பினீங்களா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ஆமா," என்றார் தெய்ஜி. "எனக்குத் தெரியாதும்மா. உன் அம்மா இப்பத்தான் எல்லாம் சொன்னா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்பா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நீ போயிடு ஷிஹோ. பின்பக்கமா போயிடு. அவகிட்ட நான் பேசிக்கறேன்."

"இன்னும் எத்தனை நாளைக்குப்பா நான் பின்பக்கமாவே போறது?"

போனை எங்கோ மரப் பலகைமேல் வைத்த சத்தம் கேட்டது. அணைக்கவில்லை. சுமியே நகர்ந்து வந்து தெய்ஜியின் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். இருவரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

கடைக் கதவு திறந்தது. தெருச் சத்தம் உள்ளே வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

"வாங்க," என்றது ஷிஹோவின் குரல். எந்த வாடிக்கையாளரிடமும் பேசுகிற அதே கடைக் குரல், கொஞ்சங்கூடப் பிசகாமல். "என்ன வேணும்?"

யாரோ அழுவதை அடக்க முயல்கிற சத்தம் கேட்டது. அது இரண்டு பேரில் யார் என்று தெய்ஜிக்குத் தெரியவில்லை.